சுவிட்சர்லாந்தில் ஓர் ஆண்டு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலையும் கைக்கடிகாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. குடியாட்சியின் தொட்டில் என்று அந்நாட்டைப் புகழ்வாரும் உளர். அத்தொட்டிலில் பெண் குழந்தைக்கு இடம் கிடைத்த ஆண்டு 1971. அவ்வாண்டைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

1848-ஆம் ஆண்டிலேயே கூட்டாட்சி அரசியலமைப்பு வகுத்துக்கொண்ட நாடு அது. எனினும் நாட்டுத் தேர்தல்களில் வாக்குரிமை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. இதனை மாற்றுவது பாராளுமன்றத்தால் மட்டும் இயலும் காரியமன்று. மக்களில் பெரும்பான்மையோரும் மாநிலங்களில் பெரும்பான்மையும் இசைய வேண்டும். மக்கள் என்றால் யார்? வாக்குடைய ஆண்கள்தாம்! 1959 பிப்ரவரி 1-ல் அவர்களைக் கேட்டபோது மூவரில் இருவர் மறுத்துவிட்டனர். நம் நாட்டிலோ, எழுதப் படிக்க அறியாத பாட்டிமாரும் 1951-52 பொதுத் தேர்தலிலேயே வாக்களித்திருந்தனர்.

குடும்பத்துக்காகக் கணவன் வாக்களித்தால் போதாதா என்பது மறுத்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. (நகைக்க வேண்டா, வீட்டுக்கொரு சந்தா, வீட்டுக்கொரு வாக்கு என்னும் வழக்கம் நம்மிடையேயும் இருந்ததுதானே!)

பின்னர், பெண்களுக்கு வாக்கில்லாத நிலையை அப்படியே வைத்துக்கொண்டு, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் கையொப்பமிட அரசாங்கம் முனைந்தது. பெண்கள் பொறுக்கவில்லை. 1969 மார்ச் 1-ல் ஆயிரக்கணக்கானோர் தலைநகராகிய பெர்னில் பாராளுமன்றத்தின்முன் திரண்டு ஊதல் ஊதினர். எமிலி லீபர்ஹெர் அம்மையார், இரந்து நிற்பவராக அன்றி, உரிமை கோருபவராகப் பேசினார்.

1971 பிப்ரவரி 7-ல் ஆடவரிடம் மீண்டும் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 65.7 பேர் இசைந்தனர். பன்னிரண்டே ஆண்டுகளில் அதே மூன்றில் இரு பங்கினர் மறுபுறம் சாய்ந்தது நமக்கு வியப்பளிக்கிறது. அக்டோபர்த் தேர்தலில் 200 இடங்கள் கொண்ட தேசிய சபைக்குப் பெண்கள் பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஆனால் மாநிலத்துக்குள் வாக்குரிமை அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் சிறு மாநிலத்தார் ஆண்டுக்கொருமுறை வெளியரங்கில் கூடிக் கையுயர்த்தி முடிவெடுப்பர். ஆடவர்க்கு இடையில் தொங்கும் வாளே நுழைவுச்சீட்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. அவர்கள் 1990 ஏப்ரலிலும் பெண்களுக்கு வாக்கு மறுத்தனர்! அவ்வாண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத் தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரலில் பெண்கள் முதன்முறையாக அவ்வரங்கில் வந்து நின்றனர். ஆடவர் இடையில் வாள், பெண்டிர் கையில் ஓர் அட்டை.