பிள்ளை உண்டாகும் முன்பே தகப்பனின் பொறுப்பு தொடங்குகிறது

(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பின்னால் நிற்கும் ஆண்கள் கொஞ்சம் முன்னே வாருங்கள். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

லயத்தில் ஒரு பிள்ளை எடை குறைந்தோ, ஏதாவது குறையோடோ பிறந்தால் என்ன நடக்கிறது? "நீ என்ன சாப்பிட்டாய், எங்கே விழுந்தாய்" என்று தாயைத்தான் கேட்கிறோம். மாமியார் கேட்கிறார், பக்கத்துக் காம்பராக்காரர் கேட்கிறார். தகப்பனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்தப் பழக்கம் நியாயமில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் தாயைப் பற்றிப் பேசுவோம். கர்ப்பிணி சாராயம் குடித்தால் அது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்கும் போகிறது. சாராயமானாலும், பியரானாலும், கள்ளானாலும், கசிப்பானாலும் இதுதான். அதை முறித்து வெளியேற்றும் அளவுக்குப் பிள்ளையின் ஈரல் வளர்ந்திருக்காது. மூளை வளர்ச்சி கெடும், எடை குறையும். சில பிள்ளைகளுக்கு முகத்திலேயே அடையாளம் தெரியும்: சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாத தட்டை. 1973இல் அமெரிக்க வைத்தியர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாத, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகள் சிலருக்கும் இது காரணமாக இருக்கலாம். இந்தப் பாதிப்பு வயதோடு மறைந்துவிடாது. குளிருக்கு, உடம்பு வலிக்கு என்று ஒரு வாய் கொடுப்பதும் வேண்டாம். இவ்வளவு குடித்தால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று எந்த அளவையும் சொல்ல முடியாது.

நாள் தள்ளிப் போனதும் நிறுத்தலாம் என்று இருக்கவும் கூடாது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள்ளேயே பிள்ளையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளமான குழாய் மூடிவிடும். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. அதனால் பிள்ளைக்கு எண்ணும்போதே நிறுத்த வேண்டும். தெரியாமல் குடித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். பயப்படாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். மூளை பத்து மாதமும் வளர்வதால், எப்போது நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான்.

இனி தகப்பன்மார். பிள்ளை உண்டாகக் காரணமான ஆணின் விந்தணு ஒரே நாளில் உருவாவதில்லை. உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அந்த மூன்று மாதமும் நீங்கள் குடித்தது அதைத் தொடும். 2019இல் சீன ஆய்வாளர்கள் 55 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். கரு தங்குவதற்கு முந்திய மூன்று மாதத்தில் தகப்பன் குடித்திருந்தால், பிள்ளைக்குப் பிறவி இதயக் கோளாறு வரும் வாய்ப்பு 44 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. தாய் குடித்திருந்தால் 16 சதவீதம். நூறு பிள்ளைகளில் 44 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. சாதாரணமாக நூற்றில் ஒரு பிள்ளைக்கு வருவது, ஒன்றரை அளவுக்கு ஏறுகிறது. குடி ஒன்றேதான் காரணம் என்று இது முடிவாக நிரூபிக்கவும் இல்லை. ஆனால் தகப்பனுக்குச் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. ஆவணியில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வைகாசியிலேயே கிளாஸைக் கீழே வைக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தோட்டத்தில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். அதற்குக் குடி மட்டும் காரணமில்லை. போதாத சம்பளம், இரத்தச் சோகை, வயிற்றுப் பிள்ளையோடு செங்குத்து மலை ஏறும் வேலை, எல்லாம் காரணம். "இவர்கள் குடிகாரர்கள், சம்பளம் கூட்டி என்ன பயன்" என்று பேசுகிறவர்களுக்கு வாய் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு நடத்தும் போராட்டம் நடக்கட்டும். ஆனால் போராடி வாங்கிய காசு சம்பள நாள் இரவே தவறணைக்குப் போனால், கர்ப்பிணியின் தட்டில் முட்டை எங்கிருந்து வரும்?

மூன்று வேலை செய்வோம். கல்யாணம் முடித்த சோடிகள் இருவரும் சேர்ந்தே குடும்பநல மாதுவிடம் போங்கள்; ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள், குடியைப் பற்றியும் கேளுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புருஷனும் குடியை விடட்டும். அவர் முன்னால் போத்தலை வைத்துக்கொண்டு "நீ மட்டும் குடிக்காதே" என்றால் நடக்காது. நமது கமிட்டிக் கூட்டத்திலும், கோயில் திருவிழா வேலைக்கும் சாராயம் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தைத் தலைவர்மார் நிறுத்த வேண்டும்.

தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரின் உதவியோடு நிறுத்த வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். உதவி கேட்பது வெட்கமில்லை.

நம் பிள்ளைகள் கூடை சுமக்காமல் படித்து முன்னேற வேண்டும் என்றுதான் எல்லோரும் உழைக்கிறோம். அந்தப் படிப்புக்கு வேண்டிய மூளை வயிற்றிலேயே வளர்கிறது. அதைக் காப்பது தாய், தகப்பன் இருவரின் வேலை.