தெய்வம் சாட்சியாக நின்ற வழக்குகள்



இடைக்கால நீதிமுறையில் திவ்வியப் பரீட்சை பெற்றிருந்த ஸ்தானத்தை ஆராய்வதற்காக மாத்தூரில் கூடியிருக்கும் நாம், காசியையும் கல்யாணபுரத்தையும் நாடிச் செல்லுமுன், இங்கிருந்து கிழக்கே மணலியைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய திருவொற்றியூர்க் கோயிலின் மகிழ மரத்தடியில் சற்றே நின்று செல்வது முறையென்று கருதுகிறேன்.

சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அச்சத்தியம் சந்நிதியில் நிகழும்போது இறைவன் மகிழின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று முன்னதாகவே விண்ணப்பித்துக்கொள்ள, இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி மகிழின்கீழேயே சத்தியம் பெறுமாறு உணர்த்திவிட்டார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை காணும் அடியார்கள் இதனைத் திருவிளையாடலாகப் போற்றுகிறார்கள். சட்ட சரித்திரம் பயில்வோர்க்கு இது வேறொன்றையும் தெரிவிக்கிறது. சத்தியத்தின் வலிமை அது செய்யப்படும் இடத்தையும், அவ்விடத்தில் தெய்வம் இருக்கிறதென்னும் நம்பிக்கையையும் பொறுத்தது என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் சுந்தரர் பார்வையிழந்ததும், இடக்கண்ணைக் காஞ்சியிலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் திரும்பப் பெற்றதும் தமிழுலகம் அறிந்தவை. தேவதையை நீராட்டிய தீர்த்தத்தைப் பருகச் செய்து, பதினான்கு நாட்களுக்குள் பெருந்துன்பம் எதுவும் நேராவிடில் குற்றமற்றவன் எனக் கொள்ளும் கோசம் என்னும் திவ்வியத்துக்கு, இதனினும் நெருங்கிய உறவுடைய நிகழ்ச்சியைத் தமிழிலக்கியத்தில் நான் கண்டதில்லை.

ஆயினும், அதே சுந்தரர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நின்றபோது எவரும் அவரைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. அடிமை ஓலையைக் காட்டி வழக்குரைத்த முதியவரின் கையிலிருந்த படியோலையை அவர் கிழித்தெறிந்த பின்னும் மூலவோலை அவைக்கு வந்தது. பாட்டனார் எழுதிவைத்திருந்த வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டது. இரண்டின் எழுத்தும் ஒத்திருக்கக் கண்ட பிறகே அவையோர் தீர்ப்புக் கூறினர். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து ராஜ்ய நிர்வாகத்தை நேரில் அறிந்தவரான சேக்கிழார், ஓலை இருந்த இடத்தில் ஓலையையும், எவ்வோலையும் பேச முடியாத இடத்தில், அதாவது ஒருவன் இனி எவ்வாறு நடப்பான் என்னும் கேள்வியில், தெய்வத்தையும் பிரமாணமாக வைத்தது தற்செயலென்று நான் நினைக்கவில்லை.

தர்மசாஸ்திரத்தின் விதியும் இதுவே. எழுத்து, அனுபோகம், சாட்சி ஆகிய மானுடப் பிரமாணங்கள் இல்லாதபோதே துலை, அக்கினி, ஜலம், விஷம், கோசம் என்னும் ஐந்தையும் நாட வேண்டும் என்பது யாக்ஞவல்கியர் வாக்கு. கல்யாணியில் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் மிதாக்ஷரை இயற்றிய விஞ்ஞானேசுவரர் அதனை விரித்துரைக்கிறார். அக்கினிப் பரீட்சைக்கு உட்படுவோன் உள்ளங்கைகளில் ஏழு அரசிலைகளை நூலால் கட்டி, காய்ச்சிய இரும்புருண்டையை ஏந்தி ஏழு மண்டலங்களைக் கடத்தல் வேண்டும். பெரிய திவ்வியங்களைக் கோருகின்ற வாதியோ, தன் கூற்றுப் பொய்த்தால் தண்டத்தைத் தானே ஏற்பதாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். வீண் பழி சுமத்துவோரைத் தடுக்கும் இந்நிபந்தனையைப் பாராட்டுகின்ற அதே வேளையில், பெண்டிர், சிறுவர், முதியோர், நோயாளர், ஊனமுற்றோர் ஆகியோருக்கென வகுத்த துலையை அந்தணர்க்கும் கொடுத்துவிட்டு, நெருப்பையும் நீரையும் நஞ்சையும் சூத்திரர்க்கு ஒதுக்கிய அநீதியை நாம் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். மெலிந்த உடலுக்கு இரங்கிய சாஸ்திரம், பிறப்பைக் கண்டதும் அவ்விரக்கத்தை இழந்துவிட்டது.

ஐரோப்பாவில் 1215இல் லாத்தரன் சங்கம் இத்தகைய பரீட்சைகளில் பாதிரிமார் பங்கு கொள்வதைத் தடுத்தது. நான்கு ஆண்டுகளில் இங்கிலாந்தின் நீதிபதிகள் வேறு வழி தேட நேர்ந்தது. ஜூரி முறை அங்கே வேரூன்றியது. நம் நாட்டிலோ சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் செய்யும் கைமுக்கு, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் நிறுத்தப்படும்வரை நீடித்தது. காசியில் தம் காலத்தில் நிகழ்ந்த பரீட்சைகளை அந்நகரின் நீதிபதி அலி இப்ராகிம் கான் எழுதிவைத்த கட்டுரை, வாரன் ஹேஸ்டிங்ஸ் வாயிலாக வங்காளத்து ஆசியக் கழகத்தை அடைந்தது.

இவையெல்லாம் பழங்கதையென்று ஒதுக்கிவிட எண்ணுவோர் 1873ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். எதிரி இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் முன்வந்து, எதிரியும் அவ்வாறே செய்துவிட்டால், அச்சொல் முன்வந்தவருக்கு எதிராக முடிவான சாட்சியமாகும் என்று அது விதித்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அவ்வேற்பாடு நீங்கியது. அதுவரை ஆங்கில முறையில் அமைந்த நம் நீதிமன்றங்களிலும் ஒற்றியூர் மகிழுக்கு இடம் இருந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

ஆகவே, இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்கவிருக்கும் அறிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்வெட்டிலோ சாஸனத்திலோ திவ்வியம் காணப்படும்போது, காய்ச்சிய இரும்பின் வர்ணனையோடு நின்றுவிடாமல், அவ்வழக்கில் அதற்குமுன் எவ்வெவ்விதப் பிரமாணங்கள் தேடப்பட்டன, சாட்சிகள் எவர், பரீட்சையைக் கோரியவர் வாதியா பிரதிவாதியா, அவருடைய குலமும் செல்வமும் யாவை என்பவற்றையும் சாஸனம் இடங்கொடுக்குமளவு ஆராய்ந்து கூறுங்கள். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.