கல்லையும் விண்ணையும் கற்கும் பிள்ளைகள்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நமது கல்வி உதவி நிதிக்கு நிலவியல் பட்டப்படிப்புக்கென ஒரு மனு வந்தது. "கல்லைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று கேட்டு அதனை ஒதுக்கினோம். அச்சபையில் இருந்த நானும் மறுத்துரைக்கவில்லை. பின்னர் அப்படிப்பைப் பற்றி விசாரித்தேன். அறிந்ததை உங்களிடம் கூறுவது என் மீது கடமை.

பள்ளிக்கூடத்தில் படித்த புவியியல் வேறு, நிலவியல் வேறு. பின்னது பாறை, கனிமம், நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராய்வது. நமது மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். மணலில் புதைந்த மரத்தினுள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறுகச் சிறுகப் புகுந்து அதனைக் கல்லாக்கிற்று. அவற்றில் கிளைகளும் இலைகளும் காணப்படவில்லை. ஆதலால் அவை அங்கேயே வளர்ந்தவையல்ல, வெள்ளம் அடித்து வந்தவை என்கின்றனர் நிலவியலார்.

இவ்வாறு கல்லைக் கொண்டு பழமையை அறிவது நமக்குப் புதிதன்று. கி.பி. 973-இல் பிறந்த அல்பீரூனி, மலையடியில் பெருங்கற்களும், தொலைவு செல்லச் செல்லச் சிறுகற்களும், ஆற்று முகத்தில் மணலும் கிடப்பதைக் கண்டு, இந்நாட்டுச் சமவெளி முன்னொரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என எழுதினார். விண்மீன்களை அளந்தவரும் அவரே. மலையுச்சியில் நின்று பூமியின் அளவைக் கணக்கிட்டவரும் அவரே.

உத்தியோகம் பற்றிக் கேட்டோமல்லவா? இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திற்கும் ஆளெடுக்க யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். நாமோ பள்ளிவாசலுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவரை நம்பினோம். ஒளு செய்யத் தண்ணீர் வரவில்லை, புழுதிதான் வந்தது!

வானியற்பியலுக்கு வழி, இயற்பியல். சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-இல் இயற்பியல் பட்டம் பெற்ற சந்திரசேகர், விண்மீன்கள் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றார். வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலைக் காவலூரில் பெரிய தொலைநோக்கி உள்ளது. அதனை நடத்தும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தால் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அதுவரை முதுகலைச் செலவைத் தாங்குவதே பெற்றோருக்குப் பாரம்.

சென்ற ஆண்டு மனுச் செய்த பிள்ளை வேறு படிப்பில் சேர்ந்துவிட்டான். இவ்வாண்டு ஒரு பெண்பிள்ளை முதுகலை இயற்பியலுக்கு மனுச் செய்திருக்கிறாள். முடிவெடுக்கும் முன், அவளையும் அவள் தகப்பனாரையும் அழைத்து விவரம் கேட்போம். அவனை நாம் அழைக்கவே இல்லை.