மேரி கோமும் தேச நாயகி என்னும் பட்டமும்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 மே 4 அன்று, பொழுது விடிவதற்கு முன்பே, மேரி கோம் தமது ட்விட்டர் பக்கத்தில் பிரதமரை விளித்து ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். எனது மாநிலமான மணிப்பூர் பற்றி எரிகிறது, உதவுங்கள் என்பதே அதன் சாரம். உலகப் பட்டத்தை ஆறு முறை வென்றவர், பத்ம விபூஷண் பெற்றவர், மாநிலங்களவையின் முன்னாள் நியமன உறுப்பினர் என மூன்று தகுதிகளும் உடைய ஒருவரின் குரல் அது. பிரதமர் மணிப்பூரைக் குறித்து வாய் திறந்தது ஜூலை 20 அன்று. இடையில் 77 நாட்கள்.

குத்துச்சண்டையில் உலகை வென்ற ஒருவரைத் தேச நாயகி என்று அழைப்பது தகுமா என்ற கேள்வியை இந்த 77 நாட்களை மனத்தில் இருத்தியே பரிசீலிக்க வேண்டும். விளையாட்டு வெறும் விளையாட்டுதான், தூக்குமேடை ஏறிய தியாகிகளுக்கு உரிய சொல்லைப் பதக்கம் பெற்றவருக்குத் தரலாகாது என்போர் உண்டு. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் மேரி கோம் எங்கிருந்து வந்தார் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

மணிப்பூரில் மொய்ராங் அருகே காங்கதேய் என்னும் சிற்றூர். பழங்குடிகளிலும் எண்ணிக்கையில் மிகச் சிறியதான கோம் சமூகம். பெற்றோர் பிறருடைய நிலங்களில் பாடுபட்டவர்கள். வயல் வேலையும் தம்பி தங்கையரைப் பேணுதலும் மூத்த மகளின் பொறுப்பாயின. 1998இல் மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். அனாதை இல்லத்தில் வளர்ந்த அவரது வெற்றி அம்மாநிலத்து இளைஞர்களைக் குத்துச்சண்டைக் களத்திற்கு இழுத்தது. மேரி கோமும் அவ்வாறு வந்தவரே. வீட்டில் சொல்லாமல் பயின்றார். 2000இல் மாநிலப் பட்டம் வென்றபோது செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்தே தந்தைக்கு விஷயம் தெரிந்தது. முகம் சிதைந்தால் யார் மணம் முடிப்பார் என்பது அவரது அச்சம். 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார் மேரி கோம். மறு ஆண்டே சீனத்தின் நிங்போ நகரில் நான்காம் முறையாக உலகப் பட்டம் வென்றார்.

லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பெண்களின் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2012இல்தான். அதிலும் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே மூன்று. 51, 60, 75 கிலோ ஆகிய அம்மூன்றில் மேரி கோம் பட்டங்கள் வென்ற 46, 48 கிலோ பிரிவுகளுக்கு இடமில்லை. தம்மினும் உயரமும் எடையும் மிகுந்தவர்களுக்கு எதிரே அவர் 51 கிலோ பிரிவில் நின்றார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்சிடம் தோற்று வெண்கலம் பெற்றார். அந்த வெண்கலத்தின் மதிப்பை அறிய, பெண்களுக்கு விளையாட்டுலகம் ஒதுக்கியிருந்த இடம் எவ்வளவு குறுகியது என்பதையும் அறிய வேண்டும். வர்க்கம், இனம், பாலினம் ஆகிய மூன்று தடைகளையும் உழைப்பால் தாண்டிய ஒருவரை நாயகி என்று மக்கள் அழைத்தால் அதில் பிழை ஏதுமில்லை.

ஆனால், அழைப்பது மக்கள் மட்டுமல்லர். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா, தில்லி லாஜ்பத் நகரில் தமது தோற்றத்தைக் கேலி செய்தவர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மேரி கோமின் வாழ்க்கையைக் கூறும் இந்தித் திரைப்படம் வெளிவந்து வெற்றி கண்டது. அவரது பாத்திரத்தை ஏற்று நடித்தவர் வடகிழக்கைச் சேர்ந்தவர் அல்லர். (இந்திப் படங்களுக்குத் தீவிரவாதக் குழுவினர் விதித்திருந்த தடையால் மணிப்பூர்த் திரையரங்குகளில் அப்படம் ஓடவுமில்லை.) ஒரு முகத்தைத் திரையில் போற்றிக் கைதட்டுவதும், அதே சாயலுள்ள முகத்தைத் தெருவில் இழிபெயரிட்டு அழைப்பதும் ஒரே தலைநகரில், ஒரே ஆண்டில் நடந்தன.

மேரி கோமை விமர்சனத்திற்கு அப்பாற்பட்டவராகக் கருதவும் இயலாது. 2019இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அவரைத் தேர்வுச் சுற்று இன்றியே அனுப்பச் சம்மேளனம் முனைந்தபோது, நிஜாமாபாத்தைச் சேர்ந்த இளம் வீராங்கனை நிகத் ஜரீன் நியாயமான தேர்வு கோரி விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். தேர்வு நடந்தது; மேரி கோம் வென்றார்; ஆனால் எதிராளியின் கையைக் குலுக்க மறுத்தார். கேட்டது நியாயத்தைத்தானே? நிகத் ஜரீன் 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றார்.

இதனினும் கடுமையான சோதனை 2023 ஜனவரியில் வந்தது. மல்யுத்தச் சம்மேளனத் தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் குற்றஞ்சாட்டி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். ஒன்றிய அரசு அமைத்த கண்காணிப்புக் குழுவிற்குத் தலைவர் மேரி கோம். குழுவின் அறிக்கையை வெளியிடக் கோரி வீராங்கனைகள் ஏப்ரலில் மீண்டும் தெருவுக்கு வந்தனர். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், காவல்துறை அவர்களை இழுத்துச் சென்றது. அவர்களுள் சாக்ஷி மாலிக்கும் ஒருவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர், அதாவது அரசின் கணக்கில் அவரும் ஒரு தேச நாயகி. அக்குழுவின் தலைவர் பதவி மேரி கோமின் புகழைக் கூட்டவில்லை என்றே கூற வேண்டும். பட்டம் தரும் அரசு, பட்டம் பெற்றவரின் நற்பெயரைத் தன் கேடயமாகவும் பயன்படுத்திக்கொள்கிறது.

இவ்விடத்தில் முகமது அலி நினைவுக்கு வருவது இயல்பு. 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் அவரது உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியில் இருந்தாரெனினும், உடல்வலிமை உச்சத்திலிருந்த மூன்றாண்டுகளுக்கு மேல் களமிறங்க முடியவில்லை. 1971இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2005இல் அவருக்கு நாட்டின் உயர் விருதை அணிவித்தவர், இராக் மீது படையெடுத்த ஜார்ஜ் புஷ்! எதிர்த்து நின்றபோது துரோகி. நோயுற்றுப் பேச்சுத் தளர்ந்த பின் தேச வீரர். மேரி கோமை அலியோடு ஒப்பிட்டுக் குறை காண்பது நியாயமாகாது. அலியின் பின்னே கறுப்பின மக்களின் மாபெரும் இயக்கம் நின்றது. மணிப்பூரிலோ சில ஆயிரம் பேரே கொண்ட ஒரு சமூகம், மெய்த்தி, குக்கி என இரு பெரும் தரப்புகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது.

அச்சமூகத்திற்காக அவர் மௌனம் காக்கவில்லை. அதே 2023இல் மேரி கோம் உள்துறை அமைச்சருக்கு மீண்டும் எழுதினார். மோதிக்கொள்ளும் இரு தரப்பினரும் கோம் கிராமங்களுக்குள் நுழையாதபடி பாதுகாப்புப் படையினர் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பதக்கங்களைப் பற்றி அதில் பேச்சில்லை. தம் மக்களின் வீடுகளைப் பற்றியே பேச்சு. பிரதமர் மணிப்பூருக்கு நேரில் சென்றது 2025 செப்டம்பர் 13 அன்று.