“வளர்ப்பு சரியில்லை” என்ற பழி

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றாலே சில தாய்மார்களுக்கு முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். “ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான், எழுத ஆரம்பிச்சதை முடிக்க மாட்டேங்கிறான், பக்கத்துல இருக்கிற பிள்ளையையும் எழுத விடுறதில்லை” என்று ஆசிரியர் அடுக்குவார். வீட்டுக்கு வந்தால், “எங்க வம்சத்துல யாரும் இப்படி இல்லையே” என்பார் மாமியார். வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்துவிட்டால் பழி இரட்டிப்பு. ஏடிஎச்டி எனப்படும் கவனச் சிதறல், மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இது அன்றாடப் பேச்சு.

இந்தப் பழி நாளாவட்டத்தில் உள்ளே குடியேறிவிடுகிறது. பிறகு வெளியார் யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மாவே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். 2008-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வின்னி மாக், ரெபெக்கா சுங் இருவரும், மனநோயோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவர்களின் குடும்பத்தாரிடம் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். மனம் குன்றிப்போகிறதா, நாம் மற்றவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்று தோன்றுகிறதா, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா என்று அது கேட்கிறது.

அந்த மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உலுக்குகிறது. உறவினர் வீட்டு வளைகாப்புக்குத் தன்னை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், ஏன் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அமோரி மிகாமி குழுவினர் 2015-இல் ஏடிஎச்டி குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்த வெட்கத்தை அதிகமாகச் சுமந்த பெற்றோர் பிள்ளையிடம் கூடுதல் கடுமை காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் சக பிள்ளைகளோடு பழகுவதிலும் அதிகம் தடுமாறினார்கள். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஊரை மட்டும் குறை சொல்வானேன்? லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றுதான் குறிப்பிட்டார். நூறாண்டு கழித்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. 2007-இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஷா குழுவினர் பிள்ளைகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்புறணி அதிகத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 7.5, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு 10.5. வளரும் வரிசை ஒன்றுதான், வேகம்தான் வேறு. அதில் தாயின் கண்டிப்புக்கோ செல்லத்துக்கோ பங்கு இருப்பதாக யாரும் காட்டவில்லை.

இரட்டையர் ஆய்வுகளோ, உயரத்தைப் போலவே இதிலும் மரபணுவின் பங்கு மிகப் பெரிது என்கின்றன. ஆகவே “எங்க வம்சத்துல இல்லையே” என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். “நானும் சின்ன வயசுல இப்படித்தான், அடிச்சுத்தான் திருத்தினாங்க” என்று சொல்லும் அப்பாக்களை எல்லோருக்கும் தெரியும். அன்று அடி வாங்கிய சிறுவனுக்கும் ஏடிஎச்டி இருந்திருக்கலாம். தன்னை முட்டாள் என்று நம்பியே அவர் நாற்பது வயதைத் தொட்டிருக்கலாம்.

சிகிச்சையின் ஒரு பகுதியாக மருத்துவர்கள் பெற்றோருக்கும் பயிற்சி தருவார்கள். “அப்ப தப்பு எங்க மேலதானா?” என்று பலர் அங்கேயே கலங்கிவிடுகிறார்கள். இல்லை. வளர்ப்பு இந்தக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, செய்து முடித்த உடனே பாராட்டுவது போன்ற பழக்கங்கள் இந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவரிடம் போகும்போது அப்பாவும் கூடப் போகட்டும். பிள்ளையின் பள்ளி நோட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் சிறுவயதில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த விவரமும் தேவைப்படும்.