பழி இயந்திரத்தின் மீது



பேரங்காடியில் ஒரு கோப்பை கப்புச்சினோ குடிக்க இன்று பத்து வெள்ளிக்கு மேல் ஆகிறது. கணவனும் மனைவியும் வாரம் மூன்று முறை குடித்தால் மாதம் 240 வெள்ளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் வீட்டிலேயே ஓர் எஸ்பிரெசோ இயந்திரத்தை வாங்கிவிடுகின்றன. முதல் நாள் ஒரே கொண்டாட்டம். முதல் கோப்பை புளிக்கிறது. அடுத்தது கசக்கிறது. "ஏங்க, இதுக்கா ஆயிரம் வெள்ளி?" என்று மனைவி கேட்கிறார். மூன்றாவது மாதம் அந்த இயந்திரம் அரிசிக் குக்கருக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்கிறது.

பாவம், குற்றம் பெரும்பாலும் அதனுடையது அல்ல.

எஸ்பிரெசோ என்பது காப்பிக் கொட்டையின் பெயர் அல்ல, காப்பி இறக்கும் முறை. நைசாக அரைத்து, அழுத்தி வைத்த தூளின் ஊடே வெந்நீரை ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். இத்தாலியின் துரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ 1884-லேயே நீராவிக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும், மேலே மிதக்கும் அந்தப் பழுப்பு நுரை, மிலான் நகரத்து அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் 1940களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த பிறகுதான் மக்களுக்குப் பழக்கமானது. நீராவி மட்டும் தள்ளினால் அழுத்தம் போதாது. அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்திலும் இதே கதைதான். நல்ல திடமான காப்பி கிடைக்கும், எஸ்பிரெசோ கிடைக்காது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "15 பார்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்பின் உச்சத் திறன். தேவை 9 தான்.

அப்படியானால் கோளாறு எங்கே? அரைப்பதில்தான்.

தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். தூள் கொரகொரப்பாக இருந்தால் பத்தே விநாடியில் ஓடி வந்துவிடும்; காப்பி புளிக்கும். மாவுபோல் ஆகிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும், கசக்கும். மிக்சியில் அரைத்தால் பாதி மாவு, பாதி குருணை. பற்களுள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைக்கும் கருவிதான் வேண்டும். கையால் சுற்றுவதே போதும். ஆயிரம் வெள்ளி ஒதுக்கியிருந்தால் அதில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தவறில்லை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. காப்பிக்கடைகளுக்காக இங்கே வழிவழியாக வறுக்கப்படும் கொட்டையில் சீனியும் மார்ஜரினும் சேர்ப்பதுண்டு. துணிப்பையில் வடித்துக் குடிக்க அது அருமை. அரைக்கும் கருவியில் போட்டால் அந்தச் சீனிப் பூச்சு பற்களில் ஒட்டிக்கொள்ளும். எதுவும் சேர்க்காமல் வறுத்த கொட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் வறுத்ததாக இருப்பது நல்லது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து வைத்து எடுக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கொட்டை வியர்த்துவிடும். காற்றுப் புகாத டப்பா போதும்.

கை அளவை நம்ப வேண்டாம். சிறிய மின்னிலக்கத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டைக் கோப்பைக்கு 18 கிராம் தூள். கோப்பையில் இறங்க வேண்டியது சுமார் 36 கிராம். அதற்கு 25 முதல் 30 விநாடி ஆக வேண்டும். அதற்குள்ளேயே வந்துவிட்டால் மறுமுறை இன்னும் நைசாக அரையுங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும். இயந்திரத்தை முன்கூட்டியே போட்டு நன்றாகச் சூடேற விடுவதும் முக்கியம்.

இனி கப்புச்சினோ. பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிப் பழகிய வீடுகளில் இதுதான் சிரமமான பாடம். குளிர்ந்த பாலைச் சிறு குவளையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். நீராவிக் குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டி இருக்கட்டும். "உஸ்ஸ்" என்ற சத்தம் சில விநாடிகள் கேட்டால் போதும். பிறகு நுனியைச் சற்று உள்ளே இறக்கினால் பால் சுழலத் தொடங்கும். குவளையைத் தொட முடியாமல் கை சுடும்போது நிறுத்திவிடுங்கள். அதுதான் 60, 65 டிகிரி. அதற்கு மேல் போனால் பாலின் இயல்பான இனிப்பு அடங்கி, வெந்த வாடை வந்துவிடும். நுரை சோப்புக் குமிழிபோல் இல்லாமல், புதிதாக அடித்த சாயம்போல் பளபளக்க வேண்டும். தே தாரிக் இழுப்பதில் கைதேர்ந்தவரும் இதைப் புதிதாகத்தான் கற்றாக வேண்டும்!

முதல் ஐந்தாறு கோப்பை கழுவுதொட்டிக்குத்தான் போகும். கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் நுரைத்த கையோடு நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி நீராவியை வெளியேற்றிவிடுங்கள். பால் காய்ந்து குழாய் அடைத்துக்கொண்டால், அதற்கும் இயந்திரம்தான் திட்டு வாங்கும்.