மலையேறாத மோட்டார்



உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காட்டின் வழியே மறையூர் செல்லும் மலைப்பாதையை உங்களுள் பலர் அறிவீர்கள். சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற அவ்வூர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அங்கே தமிழ் ஒலி கேட்கலாம். உத்தியோக நிமித்தம் வடநாட்டில் வாழும் நாம், ஒரு விடுமுறையில், தந்தையார் விட்டுச் சென்ற பழைய அம்பாசிடர் காரில் அவ்வழியே சென்றோம். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி ஏற்றத்தில் வலுவிழந்தது. ரேடியேட்டரில் நீர் கொதித்தது. யானைகள் நடமாடும் காட்டில் குடும்பத்தோடு நிற்க நேர்ந்தது. புறப்படுமுன்பே ஒரு பட்டறையில் ரேடியேட்டரையும் கார்புரேட்டரையும் மாற்றியிருந்தோம். இனிப் பழைய இரும்புக்கு விற்றுவிடுவதே வழி என்று எண்ணினோம்.

ஒருவாறு மறையூரை அடைந்தபின், முதிய ஜீப் ஓட்டுநர் ஒருவர் எஞ்சின் ஓசையைச் செவிமடுத்தார். “தண்ணீரில் குற்றமில்லை ஐயா, நெருப்புத்தான் தாமதமாகப் பிடிக்கிறது” என்றார்.

அவர் கூறியதன் பொருள் யாது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டும். எனவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் பொறி பிறத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தண்டு 18 பாகை திரும்பிவிடுகிறது. பொறி பிந்தினால் வலு குன்றும். வெப்பம் வீணாகி எஞ்சின் சூடேறும். மிக முந்தினாலோ, ஏற்றத்தில் ‘டிக் டிக்’ என்று தட்டும் ஓசை எழும். நாளடைவில் பிஸ்டனுக்கே கேடு.

பொறி பிறக்கும் கணத்தை நிர்ணயிப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இரண்டும் பிரியும் கணமே. சுழலும் தண்டில் உராயும் ஃபைபர் முனை தேயத் தேய, பாயிண்ட் இடைவெளி குறுகும், பிரிவது தாமதமாகும். நம் வண்டியின் நோய் இதுவே.

ஆகவே முதலில் இடைவெளியைச் சீராக்க வேண்டும். அம்பாசிடருக்கு அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். டைமிங் வைப்பது அதன் பின்னரே. ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். முதல் சிலிண்டர் அமுக்க வேளையில் இருக்குமாறு எஞ்சினைக் கையால் சுழற்றி, முன்புறக் கப்பியின் வெட்டைக் கையேடு கூறும் குறிக்கு நேரே நிறுத்துக. டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய கம்பி சேரும் முனைக்கும் எஞ்சின் உடலுக்குமிடையே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்துச் சாவியைத் திருப்புக. பின்பு டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையில் அதன் உடலைத் திருப்பினால் பல்பு அணையும். எதிர்த்திசையில் மெல்லத் திருப்ப, பல்பு எரியத் தொடங்கும் இடமே சரியான இடம், அங்கேயே இறுக்குக.

அரை மணியில் வேலை முடிந்தது. மூணாறு வரை வண்டி கொதியாமல் ஏறியது.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. தந்தையின் வண்டியைக் கல்கத்தாவிலோ தில்லியிலோ வைத்திருக்கும் அன்பர்கள், அதனை விற்குமுன் பாயிண்ட் இடைவெளியை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.